அறுபத்தொன்றாம் எண் மலர்விழி

நான் ஒரு பெண்ணைக் கடலில் தொலைத்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேரும் எந்த ஆசிரியருக்கும் முதல் நாள் மதியச் சாப்பாடு முடிவதற்குள் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர் கையில் தயிர்சாதம் இருக்கும், சிரித்துச் சிரித்துப் புரையேறும். நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பெண் இன்று வரை கிடைக்கவில்லை. (போலீசுக்கு யாரும் போக வேண்டாம். அவர்களுக்கும் தெரியும்.)

அப்போது எனக்கு வயது இருபத்து நாலு. அத்தாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) செங்கல்பட்டு பஜாரில் செருப்புக்கடை. நான் கம்ப்யூட்டரில் முதுகலை முடித்த கையோடு, திருக்கழுக்குன்றம் போகிற வழியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருந்தேன். ஓராண்டு தகுதிகாண் பருவம். அதாவது, ஒரு வருடம் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தால் வேலை நிரந்தரம். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு புரோகிராமிங் எடுத்தேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்லுவாங்க" என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வேன். பவரே இல்லாத கண்ணாடி அது, வயது கூடுதலாகத் தெரிவதற்காகப் போட்டுக்கொண்டது.

சேர்ந்த கோடை விடுமுறையிலேயே ஒரு காரியம் செய்தேன். வருகைப் பதிவுக்கு ஒரு செயலி எழுதினேன். அதுவரை நீளநீளமான பதிவேட்டில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு டிக் அடிப்பார்கள். என் செயலியில் அந்தத் தொல்லையே இல்லை. வராதவர்களின் எண்ணை மட்டும் தட்டினால் போதும், மற்ற எல்லோரும் தானாகவே வந்தவர்களாகிவிடுவார்கள். துறைத் தலைவர் சபாபதி சார் என் முதுகில் தட்டாத குறை. "ஒரு பீரியடுக்கு அஞ்சு நிமிஷம் மிச்சம் நசீமா" என்றார். நான் அன்று வீட்டுக்குத் தரையில் கால் பாவாமல் போனேன்.

பருவத்தின் கடைசியில் ஒரு நாள், இரண்டாம் ஆண்டு மாணவர்களை நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு அழைத்துப் போனேன். கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்குக் கடல்நீரோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர்கள் இருந்தன, எங்களுக்கு அது போதும். என்னுடன் வரவேண்டிய சார் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். ஆகவே அறுபது பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான் பொறுப்பு.

காலையில் பேருந்து கிளம்பும்போது, "யாராவது வரலையா?" என்று கேட்டேன். வகுப்புத் தலைவி ஜெனிஃபர், "ஃபுல்லா வந்துட்டோம் மேடம்!" என்றாள். செயலியில் ஒரே ஒரு தட்டு. அனைவரும் வருகை. திரையில் என்ன எண் வந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

சபாபதி சார் கொடுத்த சுற்றறிக்கையில் ஒரு வரி சிவப்பு மையில் இருமுறை அடிக்கோடிடப்பட்டிருந்தது: எக்காரணம் கொண்டும் கடற்கரையில் வண்டியை நிறுத்தக் கூடாது. திரும்பி வரும்போது நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்கோ, பேருந்தின் பின்பக்கத்திலிருந்து, "மேடம், பத்தே நிமிஷம் மேடம்" என்று கோரஸ் கிளம்பியது. நல்ல ஆசிரியரா, பிள்ளைகளுக்குப் பிடித்த ஆசிரியரா என்று வந்தால் இருபத்து நாலு வயதில் யாரும் நல்ல ஆசிரியராக இருப்பதில்லை. நிறுத்தச் சொன்னேன்.

சவுக்குத்தோப்பைத் தாண்டினால் கடல். சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காத இடம். இரண்டு நாளாகக் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. ஃபைபர் படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. மணி நாலுதான், ஆனால் வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்ததால் எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அலை அடித்துவிட்டுப் பின்வாங்கும்போது மணலைக் கையால் வழித்து எடுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள். எனக்கு ஏனோ அந்த இடம் பிடிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து விசிலடித்தேன்.

பேருந்துக்குள் தலைகளை எண்ணினேன். அறுபது. செயலியைத் திறந்தேன். இன்று வருகை: அறுபத்தொன்று.

மறுபடி எண்ணினேன். அறுபது. இருக்கைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தேன். அறுபதுதான். எல்லோரையும் கீழே இறக்கி, தோப்பின் ஓரத்தில் நிற்க வைத்து, செயலியைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டேன். அந்த வகுப்பில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒவ்வொருவராக "எஸ் மேடம்" என்றார்கள். அறுபதாவது பெயருக்கும் பதில் வந்தது.

"அறுபத்தொன்னு. மலர்விழி."

சவுக்கு இலைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மலர்விழி எங்கப்பா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெனிஃபர்தான் மெல்ல, "லேட்டரல் என்ட்ரி பொண்ணு மேடம்... நெனைக்கிறேன்" என்றாள்.

டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதற்குத்தான் அந்தப் பெயர். ஒரு வருடம் பழகி ஒட்டிக்கொண்ட வகுப்பில் நடுவில் வந்து உட்காருவார்கள். கல்யாண வீட்டில் பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்று தெரியாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகள் மாதிரி, யாரும் அவர்களிடம் அதிகம் பேச மாட்டார்கள். பட்டியலிலும் அவர்கள் பெயர் கடைசியில்தான் இருக்கும்.

"யாரு கடைசியா பாத்தீங்க?"

ஒருத்தி, "பஸ்ல கடைசி சீட்ல, துப்பட்டாவ மூஞ்சில போட்டுக்கினு தூங்கினு இருந்தா மேடம்" என்றாள். "மஞ்சத் துப்பட்டா" என்றாள் இன்னொருத்தி. "அதிகம் பேசமாட்டா மேடம். கேன்டீன்ல கூடத் தனியாத்தான் உக்காந்துருப்பா." ஜெனிஃபருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. "எங்கிட்ட ஒரு வாட்டி பேனா வாங்கினா மேடம். திருப்பியே தரல."

எனக்கும் ஞாபகம் வந்தது. ஜன்னலோரம், மூன்றாவது வரிசை. கேள்வி கேட்டால் குனிந்துகொள்வாள். ஒல்லியான கழுத்து. நீளப் பின்னல். (இதை எழுதும் இந்த நிமிடத்திலும் அந்தப் பின்னல் எனக்குத் தெரிகிறது. வெட்கக்கேடு.)

படகோரம் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ஓடினேன். ஏழுமலை என்று பெயர், ஐம்பது வயது இருக்கும். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டார்.

"ஒல்லியா, ஜடை போட்டுக்கினு? ஆமாம்மா, அந்தப் பொண்ணு தனியா அந்தாண்ட தோப்போரமா போச்சே. நான்கூட கூவுனேன், 'ஏம்மா, அலை பெருசா கீது, அங்க போவாதே'ன்னு. திரும்பியே பாக்கல."

அவர் கை காட்டிய பக்கத்தில் வெறும் மணல்தான் இருந்தது. பிள்ளைகள் அங்கே ஓடினார்கள். தண்ணீர் தொட்டுவிட்டுப் போகும் இடத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் ஜெனிஃபர் ஓவென்று அழத் தொடங்கினாள்.

"கடலு நல்லால்லம்மா" என்றார் ஏழுமலை. அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு எறங்கக் கூடாதுதான். ஆனா பொண்ணு உசுரு. இன்னா பண்ண முடியும்?" தன் ஆட்களைக் கூப்பிட்டார். மூன்று படகுகளை மணலில் தள்ளிக்கொண்டு போனார்கள். முதல் அலையிலேயே ஒரு படகு செங்குத்தாக எழும்பி, அதிலிருந்தவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய், மறுபடி தெரிந்தார்கள்.

சபாபதி சாருக்கு போன் செய்தேன். கடற்கரை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பக்கம் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோனது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டாதது இன்னும் பயமாக இருந்தது. "அங்கயே இருங்க. போலீசுக்கு நான் சொல்றேன். பேரன்ட்ஸ்கிட்டயும் நானே பேசுறேன். அது என் கடமை" என்றார். போன் அணைந்தது. என் செயலி பேட்டரியைக் குடிக்கும் என்று மற்ற ஆசிரியர்கள் சொன்னபோது பொறாமையில் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மாமல்லபுரத்திலிருந்து ஒரு கான்ஸ்டபிள் பைக்கில் வந்தார். போட்டோ கேட்டார். ஜெனிஃபரின் போனில் செயலியைத் திறந்து காட்டினோம். (மாணவர் கணக்கில் பெயரும் படமும் மட்டும்தான் தெரியும், மற்ற விவரமெல்லாம் துறைத் தலைவர் கணக்கில்.) படம் ஏற்றாதவர்களுக்கு நான் வைத்திருந்த சாம்பல் நிறத் தலை உருவம் ஒன்று வந்தது. கண், மூக்கு எதுவும் இல்லாத ஒரு தலை.

"இன்னாம்மா இது, மூஞ்சே இல்ல?"

"போட்டோ குடுக்கல போல சார்."

"எந்த ஊரு?" தெரியவில்லை. "ஹாஸ்டலா, வூட்லேந்து வருதா?" தெரியவில்லை. "அப்பா பேராவது தெரியுமா?"

அதுவும் தெரியவில்லை. ஒரு பருவம் முழுக்க அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், அவளைப் பற்றி ஒரு வரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. தினமும் ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்தேனே, அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு நாளாவது அவள் பெயரைக் கூப்பிட்டிருந்தால் முகமாவது நின்றிருக்கும். அங்கேயே அழுதேன். கான்ஸ்டபிள் நோட்டை மூடி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மணி ஐந்தைத் தாண்டியது. படகுகள் புள்ளிகளாகிவிட்டன. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று "மலர்விழீ..." என்று கத்தினார்கள். அறுபது பேர் ஒரே பெயரைக் கடலைப் பார்த்துக் கத்தினால் கேட்கிறவர் உடம்பு சிலிர்த்துவிடும். ஒவ்வொரு முறை கத்திய பிறகும் எல்லோரும் ஒரு கணம் காத்திருந்தார்கள், பதில் வரும் என்பதுபோல.

என்ன செய்வதென்று தெரியாமல், ஒருவேளை எங்கேயோ தப்பாக எண்ணியிருப்பேனோ என்ற நப்பாசையில், மறுபடி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, ஜெனிஃபரின் போனைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டேன். வெளிச்சம் குறைந்திருந்ததால் கடைசி வரிசையில் முகங்கள் சரியாகத் தெரியவில்லை. ஐம்பத்தொன்பது. அறுபது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மலர்விழி."

"ப்ரசென்ட் மேடம்."

மெல்லிய பெண் குரல். இருட்டிக்கொண்டு வந்த தோப்புப் பக்கத்திலிருந்து வந்தது.

என் கையிலிருந்து போன் விழுந்துவிட்டது. ஜெனிஃபர் என் கையை நகம் பதியப் பிடித்தாள். கான்ஸ்டபிள், சட்டையைச் சரிசெய்வதுபோல், உள்ளே தொங்கிய தாயத்தைத் தொட்டுக்கொண்டார். எல்லாத் தலைகளும் மெதுவாகப் பின்னால் திரும்பின. அங்கே கோகுல், மீசை அரும்பிய ஐந்தே முக்கால் அடிப் பையன், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான்.

"சாரி மேடம். மொதல்ல கூப்ட்டப்ப அடக்கிக்கிட்டேன், இப்ப பழக்கத்துல வந்துருச்சு."

"என்ன பழக்கம்?"

"மேத்ஸ் சார் ஆப்ல போடமாட்டாரு மேடம். லிஸ்ட பிரின்ட் எடுத்து பேர் கூப்புடுவாரு. அந்தப் பேருக்கு நான்தான் ப்ராக்ஸி."

"பொண்ணு பேருக்கா?"

"பொண்ணு குரல்ல மேடம்."

"அவ கேட்டாளா?"

"இல்ல மேடம். மொத நாளு அந்தப் பேருக்கு யாருமே பதில் சொல்லல. பாவமா இருந்துச்சு. சொல்லிட்டேன். அப்புறம் தெனமும் சொல்ல வேண்டியதாயிடுச்சு."

எங்கள் கல்லூரியில் வராத நண்பனுக்காக "ப்ரசென்ட்" சொல்வது நட்பின் இலக்கணம். முகம் தெரியாதவளுக்கும் சொன்ன ஒரே ஆள் கோகுல்தான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்போது தோப்புக்குள்ளிருந்து ஒருவர் ஓடிவந்தார். கான்ஸ்டபிள், "பொண்ணோட அப்பா வந்துட்டாரு, வழி விடுங்க" என்றார். பிள்ளைகள் விலகினார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்காமலேயே எங்களைத் தாண்டித் தண்ணீரை நோக்கிப் போனார். கட்டம் போட்ட சட்டை. வலது காலில் மட்டும் செருப்பு, மற்றது ஓடிவந்த வழியில் எங்கோ கழன்றிருக்க வேண்டும். தோளைச் சற்றே சாய்த்து ஓடும் அந்த ஓட்டம்.

என் அத்தா.

இங்கேதான் என் புத்திசாலித்தனத்தின் உச்சத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: அத்தாவுக்கு எப்படி மலர்விழியைத் தெரியும்?

கான்ஸ்டபிள் அவரை நிறுத்தி, ஈரமான அந்த ஒற்றைச் செருப்பை நீட்டினார். அத்தா அதை வாங்கினார். முப்பது வருடம் செருப்பு விற்ற கை, எந்த நிலையிலும் தன் வேலையைச் செய்யும். திருப்பிப் பார்த்தார், அடியைத் தடவினார்.

"இது எம்பொண்ணுது இல்ல சார். அவளுக்கு அஞ்சாம் நம்பரு. இது ஒம்போது. ஆம்பள செருப்பு."

அதைப் பத்திரமாகக் கீழே வைத்தார். பிறகு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினார்.

"நசீமா! எம்மா நசீமா!"

பிள்ளைகள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அவருக்குப் பத்தடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லி ஒருவர் கடலிடம் கேட்கிறார். குரல் உடைந்து உடைந்து போகிறது. எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இங்கே நிற்பது நான்தானா, இல்லை, உண்மையிலேயே எனக்கு ஏதோ ஆகிவிட்டு, ஆனது தெரியாமல் நின்று வேடிக்கை பார்க்கிறேனா என்று சந்தேகம் வந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையைக் கிள்ளிப் பார்த்தேன், கை மரத்துப் போயிருந்தது, வலிக்கவில்லை.

கோகுல்தான் கத்தினான். "ஐயா! மேடம் இங்க இருக்காங்க!"

அத்தா திரும்பினார். என்னைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார், கிட்ட வரவில்லை.

"நீ... கீறியா?"

"கீறேன் அத்தா."

ஓடிவந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்தார், நெற்றியைத் தடவினார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "போன ஏன்டி ஆஃப் பண்ணி வச்ச? உன் சாரு போன் பண்றாரு, காலேஜ்லேந்து பேசுறேன், உங்க பொண்ணக் கடல்ல காணோம்ங்கிறாரு. நான் உனக்கு அடிச்சா ஸ்விச் ஆஃப்புன்னு வருது. நான் இன்னா நெனைப்பேன்?" பக்கத்துக் கடைக்காரரின் பைக்கில் வந்திருக்கிறார். கடையைச் சாத்தவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. "நானே வந்து பாத்துட்டு சொல்லிக்கலாம்னு வந்தேன்" என்றார். என்ன பார்க்க வந்தார் என்று சொல்லவில்லை.

மலர்விழியின் அப்பாவுக்குப் போக வேண்டிய அழைப்பு அத்தாவுக்கு ஏன் போனது? மணலில் உட்கார்ந்தேன். மெல்ல மெல்ல, கோடை விடுமுறையில் ஒரு மதியம் ஞாபகத்துக்கு வந்தது.

புதிதாக ஒரு புரோகிராம் எழுதினால், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, பொய்யாக ஒரு பெயரைப் போட்டுப் பார்ப்போம். பார்த்ததும் அழித்துவிட வேண்டும். இதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன், தேர்வில் கேள்வியாகக்கூடக் கேட்டிருக்கிறேன். அன்று, வாய்க்கு வந்த பெயராக மலர்விழி என்று போட்டேன். பெற்றோர் கைப்பேசி எண் கேட்டது. பொய் எண்ணை ஏற்கவில்லை. உண்மையான எண்ணா என்று நாலு இலக்கம் அனுப்பிச் சரிபார்க்கும்படி அவ்வளவு கறாராக எழுதியிருந்தேன். என் எண் ஏற்கெனவே ஆசிரியர் கணக்கில் இருந்தது. ஆகவே அத்தாவின் எண்ணைப் போட்டு, கடைக்கு போன் செய்து, "அத்தா, நாலு நம்பர் வந்துருக்கும், சொல்லுங்க" என்று வாங்கிக்கொண்டேன். வேலை செய்தது. சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனேன். அழிக்க மறந்தேன். பிறகு வகுப்புப் பட்டியலை ஏற்றியபோது அவள் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டாள். வரவில்லை என்று யாரும் சொல்லாததால் ஒவ்வொரு நாளும் வந்தாள்.

கான்ஸ்டபிளிடம் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்தார்.

"அப்போ காணாமப் போனது யாரு?"

"யாருமில்ல சார்."

"யாருமில்லன்னு எப்டிம்மா எழுதுறது?"

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கண்முன்னால் இருந்தது. இரண்டு படகுகள் கரைக்கு வந்துவிட்டன. ஏழுமலையின் படகு வரவில்லை.

அந்தக் கால் மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வது? அதுவரை ஒரு பெண் கடலுக்குள் இருக்கிறாள் என்று பயந்தேன். இப்போது அவள் இல்லை. இல்லாத அவளைத் தேடி உயிருள்ள ஒரு மனிதர் உள்ளே போயிருக்கிறார், அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. கரைக்கு வந்தவர்கள், "அவரு போட்டு என்ஜினு மக்கர் பண்ணும்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். திரும்பிப் போய் இழுத்துவருவதற்கு ஒரு படகைத் தயார் செய்தார்கள். அத்தா ஈர உடையோடு என் பக்கத்தில் நின்றார். அவர் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. நானும் துஆ கேட்டேன். என் வேலை போகட்டும், ஏழுமலை வரட்டும் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், அன்று மாலை முழுக்க வேலையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்று உறைத்தது.

என்ஜின் சத்தம் முதலில் வந்தது, படகு பிறகு வந்தது. ஏழுமலை தொப்பலாக நனைந்து இறங்கினார். நேராக என்னிடம் வந்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கம்மா. ரொம்ப தூரம் போயிப் பாத்துட்டேன். கெடைக்கல."

அந்த மனிதரிடம் அதைச் சொன்னதுதான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம். சொன்னேன். அவர் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணே இல்லியா? அப்போ நான் இம்மா நேரம் இன்னாத்த தேடிக்கினு கெடந்தேன்?" கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "செரி வுடு. யாரு வூட்டுலயும் எழவு இல்ல, அதாம்மா வோணும்" என்றார். எழுந்தவர் தோப்புப் பக்கம் பார்த்தார். "ஆனா நான் கூவுனேனேம்மா. அது நடந்து போச்சே."

பேருந்தில் திரும்பி வரும்போது, கடைசி இருக்கையில் உட்காரச் சொன்னால் ஒருவரும் உட்காரவில்லை. நாலு நாலு பேராக முன்னால் நெருக்கியடித்து வந்தார்கள்.

மறுநாள் சபாபதி சார் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டினார். "நானும் கவனிக்கல நசீமா" என்று தன் பங்குக்கு ஒப்புக்கொண்டார். "அப்பா பேருங்கற எடத்துல 'அப்பா'ன்னும், விலாசத்துல 'வீடு'ன்னும் இருந்துச்சு. வெகுளியான பொண்ணு போலன்னு நெனச்சேன்." அன்று முதல் எங்கள் துறையில் பெயர் சொல்லித்தான் வருகை எடுக்கிறோம். ஐந்து நிமிடம் ஆகிறது, ஆகட்டும். அடுத்த வாரம் அத்தாவும் நானும் அந்தக் குப்பத்துக்குப் போய், ஏழுமலை வீட்டில் எல்லோருக்கும் அவரவர் அளவுக்குச் செருப்பு கொடுத்துவிட்டு வந்தோம். ஜெனிஃபர் படிப்பு முடித்துப் போகும்போதுகூட என்னிடம் கேட்டாள்: "எல்லாம் சரி மேடம். அப்போ எம்பேனாவ யாரு வாங்கினது?"

வீட்டில் இன்றும் இந்தக் கேலி ஓடுகிறது. தட்டு வைக்கும்போது தம்பி ஒன்று கூடுதலாக வைத்துவிட்டு, "இன்னொரு அக்கா சாப்பிடலையா?" என்பான். சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னைப் பார்த்ததும், "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தீங்களா?" என்று கேட்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். அத்தா மட்டும் தினமும் நாலரைக்கு போன் செய்து, "ரெண்டு பேரும் பஸ் ஏறியாச்சா?" என்பார். நானும் "ஏறியாச்சு" என்பேன். கிண்டல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தலைவலி. அவர் வழக்கம்போலக் கேட்டதும் எரிந்து விழுந்தேன். "அவள அப்பவே அழிச்சிட்டேன் அத்தா. இன்னும் இன்னாத்துக்கு இதையே கேக்குறீங்க?"

அந்தப் பக்கம், கடையில் யாரோ விலை கேட்பது கேட்டது.

"ஏம்மா அழிச்ச?" என்றார். "அன்னைக்கு பைக்ல வந்தேன் பாரு, திருக்கழுக்குன்றம் வர்றதுக்குள்ள மனசுக்குள்ள ஒரு புள்ளைய எடுத்து அடக்கமே பண்ணிட்டேன். அது நீ இல்லன்னு ஆயிடுச்சு. அல்லாவே, அது போதும். ஆனா அழுதது அழுததுதானே. யாருக்கோ அழுதிருக்கேன்ல. அவளும் எங்கனா நல்லா இருக்கட்டும்னுதான் கேக்குறேன்."

சொல்லிவிட்டு அவரே போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நாலரைக்கு, கல்லூரிப் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"ரெண்டு பேரும் ஏறியாச்சா?"

பக்கத்து இருக்கையில் வைத்திருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "ஏறியாச்சு அத்தா" என்றேன்.